நான்கில் மூன்று

இரும்பு உரலில் கற்கண்டு உடைபடும் சத்தம் அது. கட்டி முதலில் வழுக்கிக்கொண்டு உரலின் சுவரில் போய் மோதும்; கிணுக்கென்று ஒரு சின்ன ஒலி. மறுபடி குழிக்குள் விழுந்து உலக்கை முனைக்கு அகப்பட்டதும் நறநறவென்று நொறுங்கும். நாற்பத்தேழு வருடத்துக்கு முன்னால், வைகாசி வெயில் முற்றத்தைக் கொளுத்திய மூன்று மணிக்குத் தினமும் தன் கையாலேயே எழுப்பிய அந்தச் சத்தத்தை, சங்கரவடிவு இன்றைக்குப் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டாள். உள்ளே ரத்தம் எடுக்கும் பெண் ஊசியை உடைக்கும் இயந்திரத்தில் ஒரு ஊசியை விட்டிருப்பாள், அவ்வளவுதான். உடம்பு வேறொன்றைக் கேட்டது. பக்கத்து நாற்காலியில் மதினி ஆவுடையம்மாள் டிபன் டப்பாவைத் திறந்து மூன்றாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்தாகிவிட்டது. சாப்பிட ஆரம்பித்தது எட்டேகாலுக்கு. பத்தேகாலுக்கு மறுபடி எடுப்பார்கள். அதுவரைக்கும் இரண்டு மணி நேரம், இரண்டு கிழவிகள், ஒரு சுவர்க்கடிகாரம். மாதம் ஒரு முறை இந்த இரண்டு மணி நேரம் வரும். மாதம் ஒரு முறை வடிவு இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருவாள். சொல்லாமல் ஆட்டோ ஏறிப் போவாள். அண்ணன் இறந்து பத்து வருடமாக இருவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஒருத்தி விதவையாகவும் ஒருத்தி கல்யாணமே ஆகாதவளாகவும் இருக்கிறார்கள். சொல்வதற்கு அந்த வீட்டில் எத்தனை மத்தியானங்கள் இருந்தன. அங்கே முடியாது. அங்கே சுவரில் அண்ணனின் படம் இருக்கிறது.

"ஏ வடிவு, நேத்து ரெண்டே ரெண்டு சப்பாத்திதான் தின்னேன். காலைல பச்சத் தண்ணி வாயில படல. போன மாசமும் இப்படித்தான், இருநூத்திப் பதினாறுன்னு எழுதிக் குடுத்தா. திங்காதவளுக்கு எங்ஙன இருந்துட்டீ வருது இம்புட்டு சீனி?" என்று ஆவுடை கேட்டாள். "ஈரல் செய்யுது மதினி." "எவன் கேட்டான் அத?" "யாரும் கேக்கல. நாம சாப்பிடாம கிடந்தா உடம்புக்கு வேணுமேன்னு அதுவா செஞ்சு ரத்தத்துல விடும். போதும் நிறுத்துன்னு சொல்லதுக்கு ஒரு சத்து இருக்கு. அது சொல்லுது. உங்க ஈரலுக்குக் காது கேக்கல." ஆவுடை இட்லியை விழுங்கிவிட்டுச் சிரித்தாள். "உங்க அண்ணன் மாதிரின்னு சொல்லு." வடிவும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அந்த எண்ணம் திரும்ப வந்து நின்றது. ஈரலைப் பற்றி இவளிடம் எவ்வளவு சுலபமாகப் பேச முடிகிறது. காது கேட்காத ஈரலைப் பற்றிச் சொல்லலாம். வாய் கட்டிப்போன இன்னொரு ஈரலைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. அது உள்ளங்கை அகலம் கூட இல்லாத ஈரல். கடைசி நாட்களில் விலா எலும்புக்குக் கீழே வீங்கி, தொட்டால் கல் போல இருந்தது. அதைத் தொட்ட விரல் இதோ, இந்த வலதுகை ஆள்காட்டி விரல், இப்போது நாற்காலியின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. இதே விரலால்தான் சேனையும் வைத்தாள். பிள்ளை பிறந்து முதல் மூச்சு அடங்குவதற்குள் யாராவது ஒருத்தர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும். வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்: "நம்ம குடும்பத்துல காலேஜ் படிச்சது இவ ஒருத்தி. இவளே வைக்கட்டும். பயலுக்குப் படிப்பு வரட்டும்." கட்டிலில் கிடந்த ஆவுடை, வேர்த்து வெளுத்துப்போன முகத்தோடு, "நல்லா வை வடிவு, நாக்குக்கு அடி வரைக்கும் படட்டும்" என்றாள். ஆவுடை வேற்றாள் இல்லை, சொந்தத் தாய்மாமன் மகள். அண்ணனுக்கும் அவளுக்கும் ஓடியது ஒரே ரத்தம். அந்த ஒரே ரத்தம் என்ற சொல்லை அந்த வீட்டில் எவ்வளவு பெருமையாகச் சொன்னார்கள். பிள்ளைக்குக் குற்றாலம் என்று பெயர் வைத்தார்கள். விரல் நுனியில் அந்த நாக்கு சப்பிய சப்பு இன்னும் இருக்கிறது. பல் இல்லாத, சூடான, அவசரமான சப்பு.

ஒரு விரல் சேனை ஒன்றும் செய்திருக்காது. செய்திருக்காது என்று வடிவு எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு துளியில் எத்தனை மில்லிகிராம். இரண்டு மாதம் தாய்ப்பால் குடித்துப் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான். பிறகுதான் சளி பிடித்தது, யாரோ பனங்கற்கண்டு நல்லது என்றார்கள், பட்டப்படிப்புப் பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருந்த வடிவு அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். மூன்று மணிக்கு இடித்து, வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, சங்கில் ஊற்றிப் புகட்டுவாள். அரை மணியில் பிள்ளைக்குத் தலை நனைய வேர்க்கும். கை கால் சில்லிடும். குடித்த பாலெல்லாம் தயிராக வெளியே வரும். பிறகு அசந்து தூங்குவான், எழுப்பினாலும் எழுந்திருக்காத தூக்கம். "அத்தக்காரி மடில என்னமா தூங்குதான் பாரு" என்று அம்மா சொன்னாள். வடிவு பூரித்தாள். அந்தப் பூரிப்பைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒரு மாதத்தில் கண் மஞ்சளாயிற்று. சங்கைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினான். மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள். அவனுக்குத் தெரிந்திருந்தது. படிக்காத, மூன்று மாதத்துப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. வாந்தியில் பால்தானே வந்தது, கற்கண்டுத் தண்ணீர் அதில் தனியாகவா தெரியும், அதனால் பாலில் குற்றம் என்று ஆயிற்று. அம்மா ஆவுடையைப் பாலாடையில் பால் பீய்ச்சச் சொன்னாள். முற்றத்துச் சுவரிலிருந்து ஒரு கறுப்பு எறும்பைப் பிடித்து அதில் விட்டாள். எறும்பு பிழைத்தால் பால் நல்ல பால், செத்தால் விஷப்பால். அது கொஞ்ச நேரம் கால்களை அடித்துக்கொண்டது. வட்டமாகச் சுற்றியது. விளிம்பு வரைக்கும் வந்து வழுக்கியது. வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு ஆவுடையும் பார்த்தாள். எந்தத் தண்ணீரில் விட்டாலும் எறும்பு சாகுமே அம்மா என்ற வாக்கியம் வடிவின் தொண்டையில் முழுசாக உருவாகி நின்றது. வேதியியல் படித்தவள். அதைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா முறைப்பாள் என்ற ஒரு சின்னப் பயம். வேறு காரணம் எதுவும் கிடையாது. எறும்பு அசைவதை நிறுத்திற்று. அன்றைக்கே தாய்ப்பாலை நிறுத்தினார்கள். பசும்பாலில் தண்ணீரும் சீனியும் கலந்து கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் குற்றாலம் செத்துப்போனான்.

மணி ஒன்பது பத்து. ஆவுடை டப்பாவை மூடி, பையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு இடது காலைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டாள். பெருவிரல் இருந்த இடத்தில் தழும்பு சுருங்கிப் பளபளத்தது. போன வருடம் எடுத்தார்கள். வடிவு அந்தத் தழும்பைப் பார்த்தாள், பார்வையைக் கடிகாரத்துக்கு நகர்த்தினாள், கடிகாரத்திலிருந்து சுவரில் ஒட்டியிருந்த ஒரு பழச்சாறு விளம்பரத்துக்கு. பழத்தின் இனிப்பு வேறு; சீனியிலும் கற்கண்டிலும் பாதி அதுதான். அது ஈரலுக்குள் போகும் வழியில் காவல் கிடையாது. மற்றச் சர்க்கரைக்கு வாசலில் நின்று, வேண்டும், வேண்டாம் என்று சொல்ல ஆள் உண்டு. இதற்கு இல்லை. உள்ளே வந்ததும் முதல் நொதி அதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். இரண்டாவது நொதி அதை இரண்டாக வெட்டி அனுப்ப வேண்டும். அந்த இரண்டாவது நொதி பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு வெட்டுப்படாமல் குவிந்துகொண்டே போகும், ஈரலின் பாஸ்பேட்டை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும், அதன் பிறகு ஈரல் சேமித்ததை எடுத்துக் கொடுக்கவும் முடியாது, புதிதாகச் செய்யவும் முடியாது. வாயில் சர்க்கரை, ரத்தத்தில் சர்க்கரை இல்லை. வேர்க்கும், சில்லிடும், மயங்கும். மயங்கினால் நாம் என்ன கொடுப்போம்? சர்க்கரை கொடுப்போம். சென்னையில் முதுகலை இரண்டாம் வருடம், மாசி மாதம், விடுதி அறையின் ஜன்னல் பக்கம், காலை வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தை வாசித்தாள். தடித்த புத்தகத்தில் வலது பக்கம், கீழே. பாதிக்கப்பட்ட குழந்தைகள் தாய்ப்பால் மட்டும் அருந்தும் வரை ஆரோக்கியமாகவே இருக்கின்றன. அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தாள். அதே விரல். கீழே சாப்பாட்டு மணி அடித்தது, அவள் போகவில்லை. அப்போது ஆவுடை மறுபடி ஏழு மாதம். இரண்டு பெற்றோரிடமும் குறை பாதி பாதியாக ஒளிந்திருந்தால் பிள்ளைக்கு அது முழுசாக வர நான்கில் ஒரு வாய்ப்பு. வராமல் இருக்க நான்கில் மூன்று. அன்று மாலை இன்லண்ட் காகிதத்தில் எழுதினாள். அன்புள்ள மதினிக்கு, இந்தப் பிள்ளைக்கு உங்கள் பாலையே கொடுங்கள், சர்க்கரை ஒரு துளி காட்ட வேண்டாம். அடுத்த வரி ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் யார் கொடுத்தது என்று வரும். அந்த வரிக்கு முன்னால் பேனா நின்றது. மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். நாளைக்கு எழுதலாம். நாளை மறுநாள். பிறகு நான்கில் மூன்று என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். பல் தேய்க்கும்போது, ஆய்வகத்தில் குடுவை கழுவும்போது, படியிறங்கும்போது. நான்கில் மூன்று, நான்கில் மூன்று. ரயில் ஓடுகிற தாளத்தில் அது மனதுக்குள் ஓடியது. பரீட்சை முடிந்து ஊருக்கு ரயிலேறும்போதும் அதுதான். வீட்டு வாசலில் அண்ணன் மொட்டைத் தலையோடு நின்றான். பெண் பிள்ளை. பூரணம் என்று பெயர். நாற்பத்தோரு நாள்தான் இருந்தது. பிறந்த அன்றைக்கே ஆவுடையின் மார்பில் மல்லிகைப் பூவை வைத்து இறுக்கிக் கட்டிப் பாலை வற்ற அடித்திருந்தார்கள். டப்பாப் பால், சீனி. அவளே கேட்டுக் கட்டிக்கொண்டாளாம். என் பால் இதுக்கு வேண்டாம், இதையாவது பிழைக்க விடுங்க என்று.

அதற்குப் பிறகு முப்பத்துமூன்று வருடம் கல்லூரியில் அந்தப் பாடத்தையே நடத்தினாள். ஒவ்வொரு தை மாதமும் கரும்பலகையில் ஈரல், இரண்டு அம்புக்குறி, இரண்டாவது அம்புக்குறியின் மேல் ஒரு குறுக்குக்கோடு. சாக்பீஸ் அந்த இடத்தில் ஒருபோதும் உடைந்ததில்லை, குரல் நடுங்கியதில்லை. அதுதான் தன்னைப் பற்றி அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு வருடம் கடைசி வரிசைப் பெண் எழுந்து, "அப்படிப்பட்ட பிள்ளைங்க எப்படி மேடம் பிழைக்கும்?" என்று கேட்டாள். "இனிப்பை வெறுத்து" என்றாள் வடிவு. "நாம திணிக்காம இருந்தா." வகுப்பு சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. தெருவில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் ஆவுடை அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டாள், எதிரே வந்தால் சேலைத் தலைப்பை மார்போடு இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நடப்பாள். தன் மூச்சுப் பட்டால் அடுத்தவள் பாலும் கெட்டுவிடும் என்று அவளுக்குள் யாரோ ஒரு காலத்தில் சொல்லி வைத்தது. விஷப்பால்காரி. அம்மா சொல்லியிருக்கலாம். அம்மா போய் முப்பது வருடம். சொல் போகவில்லை.

மணி ஒன்பது ஐம்பது. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் கையில் நான்கு மாதம் இருக்கும் ஒரு குழந்தை. சுற்றிப் பார்த்தாள், நேரே ஆவுடையிடம் வந்து, "பாட்டி, ஒரு நிமிசம் வச்சுக்கிடுங்களேன், ரத்தம் குடுத்துட்டு வந்துருதேன்" என்று நீட்டினாள். ஆவுடை சூடு பட்டவள் போலக் காலை இழுத்துக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. "என்கிட்ட வேண்டாம் தாயி. வேண்டாம். அந்தா, அவகிட்டக் குடு. படிச்சவ அவ. நல்ல கை." வடிவு வாங்கிக்கொண்டாள். குழந்தை பால் வாசம் அடித்தது. நல்ல கை. வடிவின் சேலையில் தொங்கிய கண்ணாடிக் கயிற்றை அது பிடித்து வாய்க்குக் கொண்டுபோயிற்று. ஆவுடை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள், ஆனால் ஓரக்கண் குழந்தையின் பாதத்தில் இருந்தது. எழுபது வயதுக் கண், அறுவை செய்த கண், ஒரு பாதத்தை அப்படித் தின்றுகொண்டிருந்தது. நல்ல கை, நல்ல கை. அந்தப் பெண் பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போன பிறகும் வடிவின் கைகள் ஏந்தியபடியே இருந்தன. எந்த முடிவும் எடுத்ததாக அவளுக்கு நினைவில்லை. வாய்தான் பேசியது.

"மதினி, உங்க பாலு நல்ல பாலு."

"என்னதுட்டீ?"

"குற்றாலத்துக்கு உங்க பால் ஒண்ணும் செய்யல. சீனிதான் செஞ்சுது. சில பிள்ளைகளுக்கு ஈரல்ல ஒரு சாமான் பிறவியிலேயே இருக்காது. இனிப்பு உள்ள போனா பாதி வழில அடைச்சுக்கிட்டு ஈரலையே முடக்கிப் போட்டுரும். தாய்ப்பால்ல அந்த இனிப்பு கிடையாது. உங்க பால நிறுத்தாம இருந்திருந்தா, இனிப்பே காட்டாம இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்."

ஆவுடை சேலைத் தலைப்பை மார்போடு இழுத்துப் பிடித்தாள். உள்ளே ஏதோ இயந்திரம் சுழன்று நின்றது. "எறும்பு செத்துச்சே" என்றாள், கடைசியில்.

"பச்சத் தண்ணில விட்டாலும் சாகும் மதினி."

"நீ மூணு மணிக்கு மூணு மணிக்கு இடிச்சுக் குடுத்தியே."

"ஆமா. நான்தான்."

"தெரிஞ்சா குடுத்தே? சின்னப்பிள்ள நீ. அதுக்கென்ன." ஆவுடை கையை நீட்டி வடிவின் மணிக்கட்டைத் தொட்டாள். அந்தத் தொடுதல்தான் வடிவால் தாங்கக் கூடியதாக இல்லை. அது அங்கேயே இருக்கும்போது ஆவுடையின் முகம் மெல்ல மாறியது. எங்கோ ஒரு சமையலறைக்குள், ஒரு டப்பாவின் முன்னால் போய் நின்ற முகம். "அப்ப பூரணத்துக்கு?"

"அதுக்கும் அதேதான்."

"அதுக்கு நான்லா போட்டேன் சீனி. டப்பாப் பால் கசக்குமேன்னு ரெண்டு கரண்டி. அழுதா இன்னொரு கரண்டி. குடிக்க மாட்டேன்னு மூஞ்சியத் திருப்பும். நான் விடல." அவள் கை வடிவின் மணிக்கட்டிலிருந்து எழுந்து தன் மடிக்குத் திரும்பியது. "என் கையாலேயே கொன்னிருக்கேன், வடிவு."

நாற்பத்தைந்து வருடமாக வடிவு முதல் வாக்கியத்தை மட்டும்தான் ஒத்திகை பார்த்திருந்தாள். உங்க பாலு நல்ல பாலு. அதைச் சொன்னால் எல்லாம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். பழி பாலிலிருந்து இறங்கிக் கைக்குப் போய்விட்டது. இந்தக் கிழவி இனி இருக்கும் நாள் முழுக்கத் தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், சோறு பிசையும்போது, விளக்கேற்றும்போது. அதைத் தடுக்க ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. ஆவுடை கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாள், எப்போது தெரியும் என்ற கேள்வி அவளுக்குத் தோன்றவே தோன்றாது, படித்தவள் எங்கோ இப்போது படித்துச் சொல்கிறாள் என்று இருந்துவிடுவாள். பொய் கூடத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும். சும்மா இருக்க வடிவுக்கு நன்றாகவே தெரியும். எறும்பு சுற்றும்போது சும்மா இருந்தாள், காகிதம் புத்தகத்துக்குள் இருக்கும்போது சும்மா இருந்தாள். கடிகாரத்தில் பத்து பன்னிரண்டு. இன்னும் மூன்று நிமிடம். வீட்டில் இரண்டு பேருக்கு உலை வைக்க வேண்டும், சாயங்காலம் ஆவுடையின் காலுக்கு மருந்து போட வேண்டும், இன்னும் எத்தனை வருடமோ, தனியாக இருக்கப் பயம், யாருமில்லாத வீட்டில் குளியலறையில் விழுந்து கிடப்போம் என்ற பயம்.

"நீங்க இல்ல மதினி. எனக்குத் தெரியும். பூரணம் பிறக்கதுக்கு ரெண்டு மாசம் முன்னாலேயே எனக்குத் தெரியும். புத்தகத்துல படிச்சிட்டேன்."

ஆவுடை திரும்பி அவள் வாயைப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தாள்.

"ஒரு காயிதம் போட்டிருக்கலாம்லா."

"எழுதினேன். போடல."

"ஏன்?"

"நான் குடுத்தேன்னு தெரிஞ்சிருமேன்னு. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

ஆவுடை அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது. பிறகு மூச்சு விட்டாள். நீளமான மூச்சு, அது முடிந்ததும் மடியில் கிடந்த இரண்டு கைகளையும் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "அப்ப நான் இல்ல" என்றாள், வடிவிடம் அல்ல. உள்ளேயிருந்து அந்தப் பெண், "ஆவுடையம்மாள், ரெண்டு மணி நேரம் ஆயிட்டும்மா, வாங்க" என்று கூப்பிட்டாள். வடிவு பழக்கத்தில் எழுந்து கையைக் கொடுத்தாள். ஆவுடை அந்தக் கையைத் தொடாமல் விலகி, நாற்காலியின் முதுகைப் பிடித்து எழுந்தாள். "நீங்க இருங்க" என்றாள். வாழ்நாளில் அவள் வடிவை நீங்க என்றது அதுதான் முதல் தடவை. இடது காலைக் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி தனியாக உள்ளே போனாள்.

அந்த வாரமே ஆவுடையம்மாள் அம்பாசமுத்திரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருடம் நான்கு மாதம் அங்கே இருந்தாள். ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தாள். வடிவுக்குத் தகவல் சொன்னது பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு.